பூங்கா வரைபடத்தோடு நின்றது ஏன்?

கேள்வி: எங்கள் நகரத் திட்ட வரைபடத்தில் பூங்கா என்று பச்சை வண்ணம் தீட்டியிருந்த இடத்தில் இன்று வீட்டு மனைகள் விற்பனையாகின்றன. ஒரு பூங்காவைக்கூடக் காப்பாற்ற இயலாத உள்ளூர் திட்டக் குழுமம் எதற்கு? அதைக் கலைத்துவிட்டால் என்ன?

பதில்: கலைப்பதால் உங்கள் பூங்கா திரும்பி வந்துவிடாது. தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம், 1971 இக்குழுமத்துக்குத் தந்திருக்கும் வேலை, எந்த நிலம் எதற்குப் பயன்பட வேண்டும் என்று திட்டம் வகுப்பதும், அத்திட்டத்துக்கு முரணான கட்டடத்துக்கும் மனைப்பிரிவுக்கும் அனுமதி மறுப்பதும்தான். நிலத்தை விலை கொடுத்து வாங்கிப் பூங்கா அமைக்கும் பொறுப்பு பெரும்பாலும் நகராட்சிக்கோ மாநகராட்சிக்கோ போய்விடுகிறது. அங்கே பணம் இருப்பதில்லை.

இதன் விளைவை அதே சட்டத்தின் 38-ஆம் பிரிவில் காணலாம். ஒரு தனியார் நிலம் பொதுப் பயன்பாட்டுக்கென ஒதுக்கப்பட்டு, அத்திட்டம் பற்றிய அறிவிப்பு அரசிதழில் வெளிவந்த 3 ஆண்டுகளுக்குள் கையகப்படுத்தும் அறிவிக்கையும் வராமல், உரிமையாளரிடம் பேசி வாங்கப்படாமலும் போனால், அந்நிலம் ஒதுக்கீட்டிலிருந்து விடுபட்டதாகவே கொள்ளப்படும். இப்பிரிவை நான் குறை சொல்ல மாட்டேன். காசு கொடுக்காமல் ஒருவரின் நிலத்தைக் காலவரையின்றி முடக்கிவைப்பது நியாயமன்று. வாங்குவதற்கு வழி இருக்கிறதா என்று உள்ளாட்சியைக் கேட்காமலேயே வரைபடத்தில் பச்சை தீட்டுவதுதான் குற்றம்.

நிலத்துக்கு 3 ஆண்டுக் கெடு விதித்த சட்டம், திட்டத்தைப் புதுப்பிப்பதில் அத்தனை கறாராக இருந்ததில்லை. கோயம்புத்தூருக்கு 1994-இல் ஒப்புதலான முழுமைத் திட்டத்துக்குப் பதிலாக வரவேண்டிய புதிய வரைவு, 2024-இல்தான் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டது. இடைப்பட்ட முப்பது ஆண்டுகளில் அந்நகரம் எவ்வளவு பரந்துவிட்டது என்பதை நான் சொல்லத் தேவையில்லை. திட்டம் பழசாகிப்போன ஊர்களில், சர்வே எண் சர்வே எண்ணாக வரும் நிலப் பயன்பாட்டு மாற்ற விண்ணப்பங்களே நகரத்தின் போக்கைத் தீர்மானிக்கத் தொடங்கிவிடுகின்றன. குழுமத்தின் மேல் கோபப்படுவதென்றால் இதற்காகப் படலாம். (குழுமத்தின் தலைவரை அரசே நியமிப்பதால், கோபத்தில் ஒரு பங்கைக் கோட்டைக்கும் அனுப்பலாம்.)

இனி உங்கள் பூங்காவுக்கு வருகிறேன். அது குழுமத்தின் திட்டத்தில் ஒதுக்கப்பட்ட தனியார் நிலமா, ஒப்புதல் பெற்ற மனைப்பிரிவுக்குள் விடப்பட்ட திறந்தவெளியா என்பதை நீங்கள் எழுதவில்லை. முதல் வகையென்றால் 38-ஆம் பிரிவு அதை விடுவித்திருக்கக்கூடும். இரண்டாவது என்றால் கதை வேறு. பெரிய மனைப்பிரிவுகளில் சாலைகள் நீங்கலான பரப்பில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளியாக ஒதுக்கி, உள்ளாட்சிக்குத் தானப் பத்திரமாகப் பதிவுசெய்து கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுத்த நிலத்துக்கு அந்த 3 ஆண்டுக் கெடு பொருந்தாது. ஒப்புதல் வரைபடத்தின் நகலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் கேட்டு வாங்கி, அந்தச் சர்வே எண்ணுக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டுப் பாருங்கள். தானப் பத்திரம் பதிவாகியிருந்தால் அங்கே விற்பனையாவது உள்ளாட்சியின் சொத்து. முதல் மனு ஆணையருக்குப் போக வேண்டும். பத்திரமே பதிவாகாமல் ஒப்புதல் தரப்பட்டிருந்தால், குழுமம் எதற்கு என்ற உங்கள் கேள்வியை, ஒப்புதல் எண்ணைக் குறிப்பிட்டு, குழுமத்தின் உறுப்பினர் செயலருக்கே பதிவுத் தபாலில் அனுப்புங்கள்.