கிளட்ச்சை விட்டதும் கார் குலுங்கி நின்றுவிடுகிறதே, என்ன செய்வது?

திருநெல்வேலி டவுன் நெரிசலில் கிளட்ச்சை விட்டதும் வண்டி குலுங்கி ஆஃப் ஆகிறது என்கிறீர்கள். இன்ஜினோடு சேர்ந்து சுற்றிக்கொண்டிருக்கும் ஃப்ளைவீல் என்ற சக்கரத்தை கிளட்ச் பிளேட் மெதுவாக உரசிப் பிடிக்க வேண்டும். சட்டென்று காலை எடுத்தால் வண்டியின் மொத்தப் பாரமும் ஒரே நொடியில் இன்ஜின்மேல் விழுகிறது.

பாளையங்கோட்டைப் பக்கம் ஆளில்லாத சமதளமான இடத்துக்கு அதிகாலையில் போங்கள். முதல் கியர் போட்டு, ஆக்ஸிலேட்டரைத் தொடாமல், குதிகாலைத் தரையில் ஊன்றிக் கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுங்கள். ஓரிடத்தில் இன்ஜின் சத்தம் கம்மும், வண்டி லேசாக அதிரும்; அதுதான் பிடிமானம். காலை அங்கேயே நிறுத்துங்கள். வண்டி தானாக ஊரத் தொடங்கிய பிறகே மீதியை விட வேண்டும். கால் பழகும்வரை இது மட்டும் போதும், அவசரமே வேண்டாம்.

அப்புறம் ஈரடுக்கு மேம்பால ஏற்றம். நின்றுவிட்டால் ஹேண்ட்பிரேக் போட்டு, அதே பிடிமானம் வந்ததும் லேசாக ஆக்ஸிலேட்டர் கொடுத்து ஹேண்ட்பிரேக்கை இறக்குங்கள். கிளட்ச்சைப் பாதி விட்ட நிலையிலேயே (அரைக் கிளட்ச்) ஏற்றத்தில் வண்டியைத் தாங்கி நிற்காதீர்கள், பிளேட் சீக்கிரம் தேய்ந்துவிடும்.