புதன் பள்ளமெல்லாம் மேடா தெரியுதா? படத்தைத் தலைகீழா திருப்புங்க
நாசாவோட மெசஞ்சர் விண்கலம் எடுத்த புதன் கிரக போட்டோல பள்ளமெல்லாம் கொப்புளம் மாதிரி உப்பித் தெரியுது, ஃபைல் கரப்ட்டான்னு கேட்டிருந்தீங்கல்ல, ஃபைல்ல ஒரு கோளாறும் இல்ல ப்ரோ. வெளிச்சம் மேல இருந்துதான் வரும்னு நம்ம மூளைக்குப் பழக்கம், உங்க படத்துல சூரியன் கீழ்ப்பக்கம் இருக்கு, அதான் ஏமாத்துது. 180 டிகிரி திருப்புங்க, டக்குன்னு குழியாயிடும். (நான் ஒரு வாரம் மானிட்டரைத் திட்டிட்டு இருந்தேன்.) அப்பவும் மாறலைன்னா பெரிய பள்ளமா ஒண்ணு புடிச்சு, நடுவுல நிக்கற குட்டி மலையோட நிழல் எந்தப் பக்கம் விழுதுன்னு பாருங்க, அதுக்கு எதிர்ப்பக்கம்தான் சூரியன், சூரியன் பக்கத்து உள்சுவர் இருட்டா இருந்தா அது பள்ளமேதான். உச்சி வெயில்ல எடுத்த படம்னா நிழலே இருக்காது, வெள்ளைக் கோடுங்க மட்டும் தெரியும், அதை விட்டுடுங்க. மெசஞ்சர் 2011லேர்ந்து 2015 வரைக்கும் புதனைச் சுத்திருக்கு, அதே இடத்தைச் சாய்வெயில்ல எடுத்ததும் கிடைக்கும்.