மசாஜ் செய்த இரண்டே நாளில் கழுத்தும் தோளும் மறுபடி இறுகிவிடுகின்றன. அடுத்த முறை போகும்வரை வீட்டில் என்ன செய்யலாம்?

மசாஜ் தரும் தளர்வு பெரும்பாலும் ஓரிரு நாள்தான் தாங்கும். அது மசாஜ் செய்தவரின் குறை அல்ல. லேப்டாப்புக்கு முன்னால் தலையை நீட்டி மணிக்கணக்காக உட்கார்ந்தால், தலையின் பாரத்தைத் தாங்கும் பிடரித் தசை திரும்பவும் இறுகத்தான் செய்யும்.

மசாஜ் முடிந்த மறுநாள் வரை அந்த இடத்தைச் சும்மா விடுங்கள். நோவு அடங்கியபின் ஒரு டென்னிஸ் பந்து போதும். கிரிக்கெட் பந்து வேண்டாம், சதை கன்றிவிடும். பந்தைப் பழைய சாக்ஸுக்குள் போட்டு, தோளுக்கு மேலாகத் தொங்கவிட்டு, நுனியை எதிர்க்கையால் பிடித்துக்கொண்டால் நழுவாது. சுவரில் சாய்ந்து, முதுகெலும்புக்கும் தோள்பட்டை எலும்புக்கும் நடுவிலுள்ள சதையில் பந்து படவேண்டும். வலிக்கிற பக்கத்துக் கையை மார்புக்குக் குறுக்கே எதிர்த்தோளில் வைத்தால் தோள்பட்டை விலகி இடம் கிடைக்கும். பாதங்களைச் சுவரிலிருந்து ஓரடி தள்ளி வைத்து முழங்காலை மெல்ல மடக்கி நிமிர்த்துங்கள். பந்து தானே உருளும். வலிக்கும் புள்ளியில் 30 முதல் 60 வினாடி நிறுத்துங்கள். பல்லைக் கடிக்கவோ மூச்சை அடக்கவோ தோன்றினால் அழுத்தம் அதிகம். ஒரே புள்ளியைப் பத்து நிமிடம் போட்டு அமுக்குவதுதான் பலர் செய்யும் தப்பு. மறுநாள் வலி கூடத்தான் செய்யும். முதுகெலும்பின் மேல் உருட்டாதீர்கள். கழுத்தின் முன்புறமும் பக்கவாட்டும் மூளைக்கு ரத்தம் போகும் வழி, அங்கே பந்தே கூடாது.

பந்தை உருட்டுவதற்கு முன் 15 நிமிடம் வெந்நீர்ப் பை வைத்தால் தசை இளகும். துண்டில் சுற்றி வையுங்கள். சர்க்கரை நோயால் தோல் மரத்தவர்களுக்குச் சுடுவதே தெரியாது, அவர்கள் ஒத்தடத்தைத் தவிர்ப்பது நல்லது. கையால் தேய்த்துவிடுவதானால், நல்லெண்ணெயா, விலையுயர்ந்த தைலமா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். கை வழுக்க ஏதாவது ஓர் எண்ணெய், அவ்வளவுதான்.

இவையெல்லாம் வலியைத் தள்ளிப்போடும். இறுக்கம் குறையத் தசைக்கு வலு வேண்டும். உடற்பயிற்சிக்கான நீளமான ரப்பர் பேண்டை (resistance band) உறுதியான ஜன்னல் கம்பியில் மார்பு உயரத்தில் மாட்டி, முழங்கை விலாவை உரசிப் பின்னால் போகுமாறு இழுங்கள். 10 முதல் 12 தடவை, மூன்று சுற்று, வாரத்தில் மூன்று நாள். தோள் காதை நோக்கி ஏறினால் பேண்ட் உங்களுக்கு அதிகக் கடினம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். திரையின் மேல்விளிம்பு கண் மட்டத்துக்கு வரும்படி லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் ஏற்றி, தனிக் கீபோர்டு வாங்குங்கள்.

கை மரத்துப்போனாலோ பிடிமானம் குறைந்தாலோ பந்தை ஓரம் வைத்துவிட்டு மருத்துவரைப் பாருங்கள். காலுக்கும் மசாஜ் செய்துகொள்பவரானால், ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடாக வலித்தால் யாரையும் அமுக்க விடாதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே மருத்துவமனைக்குப் போகவேண்டும்.