பதில்: ‘தி ஹவுஸ்மெய்ட்’ புளூ-ரே ஓடவில்லை

அமெரிக்காவிலிருந்து வரவழைத்த வியட்நாம் பேய்ப் படம் ‘தி ஹவுஸ்மெய்ட்’ (2016) சென்னையில் வாங்கிய பிளேயரில் ஓடவில்லை என்கிறீர்கள். டிஸ்க் கெட்டிருக்க வாய்ப்பு குறைவு, அவசரப்பட்டுத் திருப்பி அனுப்பாதீர்கள். புளூ-ரேக்கு உலகை ஏ, பி, சி என மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். அமெரிக்க டிஸ்குகள் பலவும் ஏ மண்டலப் பூட்டோடு, அதாவது அந்த மண்டலத்துப் பிளேயரில் மட்டும் ஓடும்படி வருகின்றன. இந்தியா சி மண்டலம். எல்லா மண்டலமும் ஓட்டும் பிளேயர்தான் உறுதியான வழி. கணினியில் புளூ-ரே டிரைவ் இருந்தால் மென்பொருளின் அமைப்பில் மண்டலத்தை மாற்றிப் பாருங்கள். ஆனால் சில தடவைதான் மாற்ற விடும், கவனம்.

சிரமப்பட்டாவது பாருங்கள். 1953, பிரெஞ்சுக்காரர்களின் ரப்பர் தோட்ட மாளிகை, பணிப்பெண் லின்னுக்கும் தோட்ட முதலாளியான பிரெஞ்சு அதிகாரிக்கும் காதல். அங்கே தொழிலாளர்கள் பட்ட பாடுதான் என்னைப் பேயைவிட அதிகம் உலுக்கியது. அப்புறம், இதே ஆங்கிலப் பெயரில் 1960, 2010 கொரியப் படங்களும் உண்டு. வாங்கும்போது இயக்குநர் டெரெக் நுயென் பெயரைப் பார்த்துக்கொள்ளுங்கள்.