சொந்த வார்த்தையில் எழுதினாலும் ஆதாரம் காட்ட வேண்டுமா?

கேள்வி: ஐயா, முதுகலைத் தமிழ் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். சங்ககாலப் பாணர்களைப் பற்றி ஆய்வேடு எழுதுகிறேன்; 40 பக்கம் முடிந்துவிட்டது. நெறியாளர் பார்த்துவிட்டு, "பத்திக்குப் பத்தி ஆதாரம் எங்கே?" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். எதையும் நான் அப்படியே எடுத்து எழுதவில்லை, படித்ததைச் சொந்த வார்த்தையில்தான் எழுதியிருக்கிறேன். மென்பொருள் சோதனையில் பிற நூல்களோடு ஒற்றுமை 10 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் போதாதா? படித்தபோது பக்க எண் எதையும் குறித்து வைக்கவில்லை. இனி என்ன செய்வது?

பதில்: சொந்த வார்த்தையில் எழுதினாலும் ஆதாரம் காட்டத்தான் வேண்டும். வார்த்தை உங்களுடையதாக இருக்கலாம். அந்தக் கருத்தைத் தேடிக் கண்டவர் வேறொருவர். அவர் எதை வைத்து அப்படிச் சொன்னார் என்று உங்கள் ஆய்வேட்டைப் படிப்பவர் போய்ப் பார்க்க வழி இருக்க வேண்டும். நூலுக்கு உரியவருக்கு மரியாதை செய்வது ஒரு பக்கம். அதைவிட முக்கியம், நீங்கள் சொல்வதை இன்னொருவர் சரிபார்க்க முடிவது.

இதன் அருமை தமிழ் படிப்பவர்களுக்கு நன்றாகவே தெரிந்திருக்க வேண்டும். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்க உ.வே.சா. உழைத்துக்கொண்டிருந்த காலம். அந்நூலுக்குப் பழைய உரை எழுதிய நச்சினார்க்கினியர் தம் உரையில் பழைய பாடல் வரிகளை எடுத்துக்காட்டுவார். பல இடங்களில் எந்த நூல் என்று சொல்லாமல் 'என்றார் பிறரும்' என்று முடித்துவிடுவார். அந்தப் 'பிறர்' யார் என்று தெரியாமல் தாம் பட்ட பாட்டை உ.வே.சா. 'என் சரித்திர'த்தில் எழுதியிருக்கிறார். பத்துப்பாட்டு, எட்டுத்தொகைச் சுவடிகள் கைக்கு வந்த பிறகே பல வரிகளுக்கு இடம் தெரிந்தது. சிந்தாமணி 1887-இல் அச்சேறியது. அந்த வரிகளோடு நூற்பெயரும் இருந்திருந்தால் எவ்வளவு உழைப்பு மிச்சமாகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். பல பழைய நூல்களின் பாடல்களைத் திரட்டித் தரும் தொகைநூல் புறத்திரட்டு. அதைத் தொகுத்தவர் நூற்பெயரோடு பாடல்களைத் தந்ததால்தான், முழு நூலாகக் கிடைக்காத வளையாபதியின் பாடல்கள் சிலவற்றையாவது இன்று அடையாளம் காண முடிகிறது.

அடுத்து, 'சொந்த வார்த்தை' என்று நீங்கள் சொல்வதைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். ஒரு நூலில் இப்படி இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள்: "பாணர்கள் ஊர் ஊராகச் சென்று பாடிப் பரிசில் பெற்றனர், புரவலரின் வறுமை பாணரின் பசியாக மாறியது." அதை ஒரு மாணவர் இப்படி எழுதுகிறார்: "பாணர்கள் பல ஊர்களுக்கும் போய்ப் பாடிப் பரிசு பெற்றார்கள், வள்ளல்களின் வறுமை பாணர்களின் பசியாக ஆனது." நான்கைந்து சொற்கள் மாறியிருக்கின்றன. வாக்கியத்தின் அமைப்பும் வரிசையும், முக்கியமாக அந்த இரண்டாம் பாதியில் உள்ள பார்வையும், மூல ஆசிரியருடையவை. ஆதாரம் காட்டாவிட்டால் இது திருட்டுதான். காட்டினாலும் இப்படிச் சொல் மாற்றி எழுதுவது அரைகுறை வேலை. ஒன்று, மேற்கோள் குறிக்குள் அப்படியே கொடுங்கள். இல்லையென்றால் நூலை மூடி வைத்துவிட்டு, புரிந்ததை உங்கள் போக்கில் எழுதி, பக்க எண்ணோடு ஆதாரம் கொடுங்கள்.

எல்லா வாக்கியத்துக்கும் அடிக்குறிப்பு வேண்டுமா என்றால், வேண்டாம். புறநானூறு எட்டுத்தொகையில் ஒன்று என்பதற்கு யாரும் ஆதாரம் கேட்கமாட்டார்கள். ஒரு பாடலை நீங்களே படித்து நீங்களே கண்டு சொல்லும் விளக்கத்துக்குப் பாடல் எண் போதும். அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உள்ள இடம், காலக்கணிப்பு, எண்ணிக்கை, பிறர் கண்ட முடிவு, இவற்றில் ஒன்றைக்கூட ஆதாரம் இல்லாமல் விடாதீர்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும்: எங்கே பார்த்தீர்களோ அதையே காட்டுங்கள். ஒரு கட்டுரையில் புறநானூற்று வரி ஒன்றைப் பார்த்துவிட்டு, புறநானூற்றையே புரட்டியதுபோல் அடிக்குறிப்பு போடுவது பரவலாக நடக்கிறது. அதன் விளைவை 'மெல்லத் தமிழ் இனிச் சாகும்' என்ற வரியில் பார்க்கலாம். பாரதியாரே அப்படிச் சொல்லிவிட்டார் என்று எத்தனை மேடைகளில், எத்தனை கட்டுரைகளில் வந்துவிட்டது! 'தமிழ்த்தாய்' பாடலை எடுத்துப் பாருங்கள். அது ஒரு பேதை சொன்னதாகத் தமிழ்த்தாய் எடுத்துச் சொல்லும் கூற்று. அடுத்த அடிகளிலேயே 'என்றந்தப் பேதை உரைத்தான்' என்று வருகிறது. அந்த வசை தன்னை அடையலாமா என்று தாய் மனம் நொந்து கேட்கிறாள். மூலத்தைத் திறந்தவர் எவரும் இந்தத் தவற்றைச் செய்ய முடியாது. மூலநூல் கிடைக்கவே இல்லை என்றால், இன்ன கட்டுரையில், இன்ன பக்கத்தில் எடுத்தாளப்பட்டது என்று எழுதுங்கள். அதில் எந்தக் குறைவும் இல்லை.

சங்க நூல்களுக்குப் பாடல் எண்ணும் அடி எண்ணும் தாருங்கள். துணைநூற்பட்டியலில் பதிப்பைத் தெளிவாகச் சொல்லுங்கள். புறநானூற்றுக்குப் பழைய உரை முதல் 266 பாடல்களுக்குத்தான் உண்டு. அதற்குப் பிறகான பாடல்களுக்கு 'உரை' என்று மட்டும் எழுதினால் யாருடைய உரை என்று தேர்வாளர் கேட்பார். கம்பராமாயணத்தில் பதிப்புக்குப் பதிப்பு பாடல் எண்ணே மாறும். இணையத்தில் படித்ததற்கு முகவரியும் பார்த்த நாளும் போதும். வருடி (ஸ்கேன் செய்து) ஏற்றிய பழைய நூல் என்றால் அதன் தலைப்புப் பக்கத்தில் உள்ள பதிப்பு விவரமே வேண்டும். செயற்கை நுண்ணறிவுக் கருவி தரும் நூற்பட்டியலை நம்பிச் சேர்க்காதீர்கள். இல்லாத நூலைக்கூட அது ஆசிரியர், ஆண்டு, பக்கத்தோடு தந்துவிடும்.

விழுக்காட்டுக்கு வருவோம். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி, ஆய்வேட்டில் ஒற்றுமை 10 விழுக்காடு வரை இருந்தால் தண்டனை இல்லை. 10-க்கு மேல் 40 வரை என்றால், 6 மாதத்துக்கு மிகாமல் தரப்படும் கெடுவுக்குள் திருத்தித் தர வேண்டும். 60 வரை என்றால் ஓராண்டுக்குத் திருத்திய ஆய்வேட்டைத் தர முடியாது. அதற்கும் மேல் போனால் பதிவே ரத்து. பட்டம் வாங்கிய பிறகு திருட்டு உறுதியானாலும் பட்டத்தை நிறுத்திவைக்க அதில் இடம் இருக்கிறது. முறையாக ஆதாரம் காட்டிய மேற்கோளும் துணைநூற்பட்டியலும் இந்தக் கணக்கில் சேராது. ஆகவே ஆதாரம் காட்டினால் விழுக்காடு கூடிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை.

ஆனால் மென்பொருள் சொற்களைத்தான் ஒப்பிடுகிறது. அச்சில் மட்டும் உள்ள பழைய தமிழ் நூலும், பழைய எழுத்துருவில் தட்டச்சான கட்டுரையும் அதன் கண்ணில் படாமல் போகலாம். உங்கள் ஆய்வேட்டைத் திருத்தப்போகும் பேராசிரியர் அந்த நூலை வகுப்பில் பாடம் சொன்னவராக இருப்பார். 3 விழுக்காடு என்று சான்றிதழ் வைத்திருந்தாலும், வாய்மொழித் தேர்வில் "இந்தக் கருத்து யாருடையது?" என்ற கேள்விக்கு அது பதில் சொல்லாது.

இப்போது கையில் இருக்கும் 40 பக்கத்தை அச்செடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் பக்கத்தில், பாடலில் நான் கண்டது, நூலில் படித்தது, பொதுவாகத் தெரிந்தது என்று பென்சிலால் குறியுங்கள். நூலில் படித்தவற்றை மட்டும் நூல்வாரியாகப் பிரித்து, ஒரு நூலை எடுத்தால் அதற்குரிய பக்க எண்கள் அனைத்தையும் ஒரே மூச்சில் தேடி முடித்துவிடுங்கள். நேர் மேற்கோள்களிலிருந்து தொடங்கினால் எளிது. எழுத்துக்கு எழுத்து ஒப்புநோக்கவும் செய்யுங்கள். நினைவிலிருந்து எழுதிய வரிகளில் பிழை நிறைய இருக்கும். இனிப் படிக்கும்போது குறிப்பேட்டில் பக்க எண்ணை முதலில் எழுதிவிட்டு அப்புறம் குறிப்பு எடுங்கள். நூலின் சொற்களையே எழுதினால் அங்கேயே மேற்கோள் குறி போட்டுவிடுங்கள். எவ்வளவு தேடியும் மூலம் கிடைக்காத கருத்து ஒன்றிரண்டு மிஞ்சும். அவற்றை நெறியாளரிடம் காட்டிக் கேளுங்கள். அவருக்கும் தெரியவில்லை என்றால் ஆய்வேட்டிலிருந்து எடுத்துவிடுங்கள்.