இரவுகளை எண்ணிப் பாருங்கள்

கேள்வி: நானும் மனைவியும் பாரிஸில் 4 இரவு, ஜூரிக்கில் 3, ரோமில் 4 என்று ஒரு சுற்று போய்வர நினைக்கிறோம். மூன்று நாட்டுக்கும் தனித்தனி விசாவா? வேறொரு நாட்டின் விசா மையத்தில் அப்பாயின்ட்மென்ட் சீக்கிரம் கிடைக்கிறதாம், அங்கே போடலாமா?

பதில்: ஒரே ஷெங்கன் விசா போதும், அதாவது பல ஐரோப்பிய நாடுகளுக்குப் பொதுவான குறுகிய கால விசா. மொத்தம் 29 நாடுகள் இந்த ஏற்பாட்டில் இருக்கின்றன. சுவிட்சர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லையே என்று பலர் குழம்புவார்கள், ஆனால் ஷெங்கனில் இருக்கிறது. அயர்லாந்து இதற்கு நேர் எதிர், ஒன்றியத்தில் உண்டு, ஷெங்கனில் கிடையாது.

எங்கே விண்ணப்பிப்பது என்பதை அப்பாயின்ட்மென்ட் முடிவு செய்யாது, நீங்கள் தூங்கும் இரவுகள்தான் முடிவு செய்யும். சுற்றுலா என்றால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம் கேட்க வேண்டும். உங்களுக்குப் பிரான்சும் இத்தாலியும் நாலுக்கு நாலு என்று சமமாக நிற்கின்றன, அப்படி வந்தால் முதலில் எந்த நாட்டுக்குள் நுழைகிறீர்கள் என்று பார்ப்பார்கள். பாரிஸில் இறங்கினால் பிரான்ஸ், டிக்கெட்டை மாற்றி ரோமில் இறங்கினால் இத்தாலி. அவ்வளவுதான்.

அப்பாயின்ட்மென்ட்டுக்காகப் போகாத நாட்டில் ஐந்து இரவு ஹோட்டல் புக் செய்து காட்டிவிட்டு அப்புறம் ரத்து செய்யும் வேலை மட்டும் வேண்டாம். விமான நிலையத்தில் குடிநுழைவு அதிகாரி ஹோட்டல் புக்கிங்கைக் கேட்கலாம், பொய்யான திட்டம் காட்டி வாங்கியது என்று தெரிந்தால் விசாவையே ரத்து செய்யவும் அவர்களுக்கு அதிகாரம் உண்டு.

ஒரு தாளில் தேதி, ஊர், ஹோட்டல் என்று வரிசையாக எழுதிப் பாருங்கள். ஒரு இரவு ரயிலில் கழிகிறதென்றால் அதையும் எழுதுங்கள். பதினொரு இரவுக்குப் பத்து புக்கிங்தான் இருந்தால், பார்ப்பவருக்கு அந்த ஒரு ஓட்டைதான் முதலில் கண்ணில் படும்.

கேள்வி: பாரிஸிலிருந்து லண்டனுக்கு இரண்டு நாள் போய்விட்டு ஆம்ஸ்டர்டாம் வழியாகத் திரும்ப ஆசை. முடியுமா?

பதில்: முடியும், ஆனால் பிரிட்டனுக்குத் தனி விசா. அதைவிட முக்கியம், ஷெங்கன் விசாவில் இரண்டு முறையோ பல முறையோ நுழைய அனுமதி இருக்க வேண்டும், விண்ணப்பத்திலேயே அதைக் கேட்டுவிடுங்கள். பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் அதில் ஒட்டியிருக்கும் விசா ஸ்டிக்கரை அங்கேயே நின்று படியுங்கள். என்ட்ரி கட்டத்தில் 01 என்று இருந்தால் லண்டன் போனவர் ஆம்ஸ்டர்டாமுக்குள் நுழைய முடியாது.

பக்கத்திலேயே இன்னொரு கட்டம் இருக்கும், எத்தனை நாள் தங்கலாம் என்று. மே 4 முதல் மே 30 வரை என்று தேதி போட்டு, நாள் 12 என்று இருக்கிறது என்று வையுங்கள். முப்பதாம் தேதிவரை இருக்கலாம் என்று அர்த்தமில்லை, அந்தத் தேதிகளுக்குள் ஏதாவது 12 நாள். இறங்கும் நாளும் கிளம்பும் நாளும் கணக்கில் சேரும், இங்கேதான் நிறையப் பேர் கோட்டை விடுகிறார்கள்.

கேள்வி: எவ்வளவு முன்னால் போட வேண்டும், செலவு எவ்வளவு?

பதில்: பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிலிருந்தே போடலாம், கடைசிக் கெடு 15 நாள். முடிவு சொல்ல வழக்கமாக 15 நாள் என்றாலும் 45 நாள் வரை இழுக்க விதியில் இடம் இருக்கிறது, அதனால் கெடு வரை காத்திருப்பது சூதாட்டம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, 6 முதல் 11 வயதுப் பிள்ளைகளுக்கு 45. மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுக்கப்பட்டால் இந்தப் பணம் திரும்பி வராது.

மெடிக்கல் இன்ஷூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோவுக்கு, ஷெங்கன் நாடுகள் முழுவதற்கும், பயண நாட்கள் அத்தனைக்கும் இருக்க வேண்டும். விமான டிக்கெட்டை முன்பதிவாகக் காட்டினால் போதும், பணம் திரும்பாத டிக்கெட்டை விசாவுக்கு முன்னால் வாங்கி வைத்துக்கொண்டு தவிக்காதீர்கள். அப்புறம், விண்ணப்பிக்கும் வாரத்தில் யாரிடமோ கைமாற்று வாங்கி அக்கவுன்டில் மொத்தமாகப் போடுவது: ஸ்டேட்மென்ட்டில் அந்த ஒரு வரி தனியாக எழுந்து நிற்கும். மாதாமாதம் வரும் சம்பளம் சின்னதாக இருந்தாலும் அதற்கு மதிப்பு அதிகம்.

கேள்வி: ஒரு முறை மறுத்துவிட்டார்கள். வேறு நாட்டில் போட்டால் தெரியவா போகிறது?

பதில்: தெரியும். எல்லா நாடுகளும் ஒரே விசா தகவல் தொகுப்பைத்தான் பார்க்கின்றன, மறுத்ததும் அதில் இருக்கும். மறுப்புக் கடிதத்தில் காரணத்துக்கு நேராக டிக் அடித்திருப்பார்கள். அது தவறு என்று காகிதத்தில் காட்ட முடிந்தால் கடிதத்தில் சொன்ன கெடுவுக்குள் மேல்முறையீடு செய்யுங்கள், முடியாவிட்டால் அந்தக் குறையைச் சரிசெய்துகொண்டு புதிதாகப் போடுங்கள், முன்பு மறுத்ததையும் கவரிங் லெட்டரில் நீங்களே எழுதிவிடுங்கள்.