ஹட்டன் கூடலில் எதை விளையாடலாம்? வந்த கேள்விகளும் என் பதில்களும்

அடுத்த மாதம் இரண்டாம் ஞாயிறு ஹட்டனில் ஒரு மண்டபத்தில் போர்ட் கேம் கூடல் வைக்கிறோம். ஏழு மேசை, காலை 9 முதல் மாலை 5 வரை. பெட்டிகளில் பாதிக்கு மேல் என்னுடையவை. அதனால் கேள்விகள் எல்லாம் என் தலையில்தான் விழுகின்றன. வந்த வரிசையிலேயே பதில் சொல்கிறேன்.

கொட்டகலை, ஆசிரியை: எனக்குத் தெரிந்தது லுடோவும் கரமும்தான். எந்த மேசையில் முதலில் உட்காருவது?

ஜஸ்ட் வன் மேசைக்கு வாருங்கள் மிஸ். 3 பேரிலிருந்து 7 பேர் வரை ஆடலாம். ஒருவர் மட்டும் சொல்லைப் பார்க்க மாட்டார். மற்றவர்கள் அவருக்கு ஆளுக்கு ஒரே ஒரு சொல்லைக் குறிப்பாக எழுத வேண்டும். இருவர் ஒரே குறிப்பை எழுதிவிட்டால் இரண்டுமே அழிந்துவிடும். விதி அவ்வளவுதான். 2019இல் ஸ்பீல் டெஸ் யாரெஸ் வாங்கிய விளையாட்டு. ஜெர்மனியில் ஆண்டுதோறும் கொடுக்கும் விருது அது. இந்தத் துறையில் அதற்கு இருக்கும் மதிப்பே தனி.

பெட்டியில் இருப்பவை ஆங்கிலச் சொற்கள். நான் தமிழில் எழுதிய சீட்டுகளைக் கொண்டுவருவேன். போன தடவை 'பனிமூட்டம்' வந்தது. ஐந்து பேரில் மூன்று பேர் 'நுவரெலியா' என்று எழுத, மூன்றும் போச்சு. மிஞ்சியது 'சுவெட்டர்', 'ஹெட்லைட்'. கண்டுபிடிக்க வேண்டியவர் நன்றாக யோசித்துவிட்டு "பஸ் டிரைவர்" என்றார்.

அதற்கு அடுத்து டிக்கெட் டு ரைட். அலன் ஆர். மூன் செய்தது, 2004. ஆளுக்கு 45 குட்டி ரயில் பெட்டிகள். நிறச் சீட்டுகளைச் சேர்த்து ஊருக்கு ஊர் பாதை பிடிக்க வேண்டும். பதுளை ரயிலில் கோணர் சீட்டுக்குச் சண்டை பிடித்து வளர்ந்த நமக்கு இதைத் தனியாகச் சொல்லித்தரத் தேவையில்லை.

பண்டாரவளை: மொனோபொலி இருக்குமா?

இருக்காது. அந்த விளையாட்டின் மேல் கோபம் இல்லை, நாம் ஆடும் விதத்தின் மேல்தான். ஒரு இடத்தில் நின்றவர் அதை வாங்காவிட்டால் உடனே ஏலம் விட வேண்டும் என்பது பெட்டிக்குள்ளேயே இருக்கும் விதி. நாம் ஏலம் விடுவதில்லை. அபராதப் பணத்தை நடுவில் குவித்து வைத்து, 'ஃப்ரீ பார்க்கிங்' கட்டத்தில் வந்து நிற்பவருக்கு அள்ளிக் கொடுக்கிறோம். அப்புறம் நாலு மணி நேரமாகியும் முடியவில்லை என்று புலம்புகிறோம். இதன் மூதாதையான விளையாட்டுக்கு லிசி மாகி 1904இல் காப்புரிமை பெற்றது, நிலத்தை ஒருவர் கையில் குவித்தால் என்ன ஆகும் என்று காட்டத்தான். அதைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை.

நாவலப்பிட்டி: நானும் மனைவியும் மட்டும் வருகிறோம். இருவர் ஆட என்ன இருக்கிறது?

ஸ்கை டீம். 2024இன் ஸ்பீல் டெஸ் யாரெஸ். ஒருவர் விமானி, மற்றவர் துணை விமானி. ஆளுக்கு நாலு தாயக்கட்டை. உருட்டுவதற்கு முன் எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். உருட்டிய பிறகு மூச்சு விடக் கூடாது. வாய் திறக்காமல் இருவரும் சேர்ந்து விமானத்தை இறக்க வேண்டும். இருபது நிமிடத்தில் முடிந்துவிடும். அந்த இருபது நிமிடமும் அண்ணி பேசாமல் இருப்பாரா, நீங்கள் இருப்பீர்களா என்பது உங்கள் பாடு.

பதுளை: புதிதாக எது வருகிறது? பழையவை எல்லாம் எனக்குத் தெரியும்.

அப்படியானால் பொம்ப் பஸ்டர்ஸ். ஜப்பான்காரர் ஹிசாஷி ஹயாஷி செய்தது, 2025இன் ஸ்பீல் டெஸ் யாரெஸ். எல்லோரும் ஒரே அணியாகக் குண்டைச் செயலிழக்கச் செய்ய வேண்டும். எண் போட்ட வயர் துண்டுகளை ஒவ்வொருவரும் ஏறுவரிசையில் தன் பக்கம் பார்த்து அடுக்கி வைப்பார்கள். எதிரில் இருப்பவரின் துண்டு ஒன்றைக் காட்டி "இது ஒன்பது" என்பீர்கள். உங்கள் கையிலும் ஒன்பது இருக்க வேண்டும். சரியென்றால் இரண்டையும் வெட்டலாம். சிவப்பு வயரைக் காட்டினால் எல்லோரும் காலி. 66 பணிகள், ஒன்றைவிட ஒன்று கடினம். 304 சீட்டாட்டம் நன்றாக ஆடுகிறவர்கள் இதில் கெட்டிக்காரர்களாக இருப்பார்கள். அடுத்தவன் கையில் என்ன இருக்கிறது என்று முகத்தைப் பார்த்தே சொல்லும் பழக்கம் இருக்கிறதே.

வட்டவளை: 304 என்று நீங்களே சொல்லிவிட்டீர்கள். 32 சீட்டு போதும், இவ்வளவு விலையில் பெட்டி எதற்கு?

நியாயம்தான். ஜாக் 30, ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, கிங் 3, குயின் 2. ஒரு இனத்துக்கு 76, நாலு இனத்துக்கு 304. பெயரிலேயே கணக்கை வைத்திருக்கும் விளையாட்டுக்கு நான் எதிரியாவேனா? ஏழாவது மேசை உங்களுக்கு. காசு மட்டும் வைக்காதீர்கள். மண்டபக்காரர் அடுத்த தடவை கதவு திறக்க மாட்டார்.

நோர்வூட்: தேத்தண்ணியும் வடையும் மேசைக்கே வருமா?

வராது! தனி மேசையில் இருக்கும், அங்கேயே நின்று சாப்பிட்டு, கை கழுவி, துடைத்துவிட்டு வர வேண்டும். எண்ணெய்க் கை பட்ட சீட்டை அடையாளம் வைத்துவிடலாம், அதோடு அந்த விளையாட்டு செத்தது. எண்ணெயைவிடப் பெரிய எதிரி நம் ஊர் ஈரம். என் கார்கசோன் பெட்டியை ஒரு மழைக்காலம் முழுக்க அலுமாரிக்கு மேல் மறந்துவிட்டேன். திறந்தபோது 72 அட்டைகளில் பாதி ஊதிப் பப்படம் மாதிரி வளைந்திருந்தன, மூடியில் பச்சைப் பூஞ்சை. சப்பாத்துப் பெட்டியில் வரும் சிறிய சிலிக்கா பொட்டலங்களை வீசாமல் எனக்குக் கொண்டுவந்து கொடுங்கள்.

தலவாக்கலை, மாணவி: தேயிலையை வைத்தே ஒரு கேம் இருக்கிறதாமே, வருமா?

வருகிறது தங்கச்சி. பெயரே 'சிலோன்'. 2018இல் லூடோநோவா என்ற ஸ்பானிய நிறுவனம் வெளியிட்டது; வடிவமைத்தவர்கள் சூசன் ஸின்ஸ்லியும் கிறிஸ் ஸின்ஸ்லியும். கோப்பி இலைத்துரு நோயில் விழுந்து தேயிலை எழுந்த காலம். ஜேம்ஸ் டெய்லர் 1867இல் லூல்கந்துரையில் 19 ஏக்கரில் தேயிலை நட்டாரே, அந்தக் கதையின் தொடர்ச்சி. மாவட்டம் மாவட்டமாக, வெவ்வேறு உயரங்களில் தோட்டம் போட்டு, தேயிலை எடுத்து, ஏற்றுமதிக் கம்பெனிகளுக்கு விற்க வேண்டும். மாவட்டத்துப் பெரியவர்களின் தயவும் வேண்டும். உயரம் என்பது சும்மா அலங்காரம் இல்லை. 4000 அடிக்கு மேல் விளைந்தால்தான் இங்கே 'ஹை குரோன்' என்பார்கள், விலையும் மணமும் அதற்குத் தனி. அந்த நுணுக்கத்தை விளையாட்டுக்குள் கொண்டுவந்ததை மெச்சுகிறேன்.

ஆனால் ஒன்று. நீங்கள் ஏற்கும் வேடம் தொழிலை உருவாக்கிய முன்னோடி. நாலு பேர் உட்கார்ந்தால் நாலு பேரும் துரைமார். கொழுந்து பறிக்கிறவர் பக்கம் ஒரு நாற்காலிகூட இல்லை.

மஸ்கெலியா: அப்படியென்றால் அதை ஏன் கொண்டுவருகிறீர்கள் அண்ணா? எங்கள் ஆட்கள் தோட்ட வேலைக்காக மன்னாரிலிருந்து மாத்தளைக்குக் காட்டு வழியே நடந்து வந்தவர்கள். அந்தப் பேரப்பிள்ளைகள் உட்கார்ந்து துரை வேடம் போட வேண்டுமா?

கேள்வி குத்துகிறது. ஆனால் பெட்டியை ஒளித்து வைத்தால் யாரும் இதைக் கேட்கவே மாட்டார்கள். போர்ட்டோ ரிக்கோ என்று 2002இல் ஒரு விளையாட்டு வந்தது, உலகமே கொண்டாடியது. அதில் கரும்புத் தோட்டத்தில் வைக்கும் பழுப்பு நிற வட்டுகளுக்கு 'குடியேறிகள்' என்று பெயர். கப்பலில் வந்து இறங்கும் பழுப்பு வட்டு யார் என்று ஆட்கள் வருடக்கணக்கில் கேட்டார்கள். 2022இல் கதையை 1897க்கு, அடிமை முறை ஒழிந்த பிற்காலத்துக்கு நகர்த்தி ஒரு பதிப்பு வந்தது. விளையாடியவர்கள் கேட்டதால்தான் வந்தது.

நுவரெலியா, ஓய்வுபெற்ற தோட்டக் கிளார்க்கர்: விளையாட்டை விளையாட்டாகப் பாருங்கள் தம்பி. செஸ்ஸில் சிப்பாய்க்கு யாராவது சம்பளம் கேட்டார்களா?

ஐயா, சிப்பாய் பலகையில் நிற்கிறான். எதிர் முனைக்குப் போய்ச் சேர்ந்தால் ராணியும் ஆகிறான். நாங்கள் கேட்பதும் நிற்க ஒரு கட்டம்தான்.

மஸ்கெலியா: கொழுந்து நிறுவையில் தண்ணீருக்கு என்று இரண்டு கிலோ கழிப்பார்களே, அந்த விதியையும் சேர்க்கச் சொல்லுங்கள்!

நுவரெலியா, அதே ஐயா: மழை நாளில் கொழுந்தோடு தண்ணீர் வராமல் வேறென்ன வரும்?

இரண்டு பேரும் ஒரே மேசைக்கு வாருங்கள். முதலில் பெட்டி விதிப்படி ஒரு ஆட்டம். அப்புறம் வெற்றுத் தாள் வைக்கிறேன். பிரட்டுக்களம் (காலையில் ஆள் கூட்டி வேலை பிரிக்கும் இடம்), நிறுவை, வேலைநிறுத்தம் எல்லாவற்றுக்கும் விதி எழுதிப் பார்ப்போம். தொழிலாளர் பக்கம் ஆடுகிறவர் இறங்கி வராமல் பறிப்பு நடக்காது என்ற ஒரு விதியே போதும், துரைமார் கணக்கு அத்தனையும் மாறிவிடும். இப்படித் திருப்பிப் போட்ட விளையாட்டு வெளியே ஏற்கெனவே உண்டு: ஸ்பிரிட் ஐலண்ட், 2017. அதில் நீங்கள் தீவைக் காக்கும் ஆவிகள், விரட்ட வேண்டியது குடியேற வரும் வெள்ளைக்காரரை. கடினமான ஆட்டம், மூன்று பேருக்கு மேல் சேர்க்காதீர்கள்.

இனி மற்றக் கேள்விகளுக்கு வேகமாக.

ஹப்புத்தளை: ஆறு வயது மகனோடு?

ஹல்லி கல்லி. ஒரே பழம் சரியாக ஐந்து தெரிந்தால் மணியை அடிக்க வேண்டும். உங்களை அடித்துவிடுவான்.

நுவரெலியா, பறவை பார்ப்பவர்: விங்ஸ்பான்?

உண்டு. முதல் பெட்டியில் 170 பறவைகளும் வட அமெரிக்காவுடையவை. 2022இல் வந்த ஏசியா பெட்டியையும் எடுத்துவருகிறேன். காலையில் விக்டோரியா பூங்காவைச் சுற்றிவிட்டு வாருங்கள், பொருத்தமாக இருக்கும்.

கண்டி: பிராஸ் பர்மிங்ஹம் ஆட வேண்டும்.

நீண்ட ஆட்டம், காலை 9க்கு வந்தால் மட்டும். 11க்கு வந்து "இப்போது தொடங்கலாமா" என்று கேட்காதீர்கள்.

வெலிமடை: மொனோபொலி உண்டா?

மேலே பாருங்கள்.

பொகவந்தலாவ: மொனோபொலி...

இல்லை.

மஸ்கெலியா: சரி அண்ணா, அந்தத் தேயிலை மேசை எத்தனை மணிக்கு?

2 மணிக்கு. ஐயாவுக்குப் பக்கத்தில் உனக்கு இடம் போட்டிருக்கிறேன். வடையைத் தின்றுவிட்டுக் கையைக் கழுவிவிட்டு வா.